கடைக்கண் உறங்கும் வேளை

பொழுது புலர்ந்தும் புலராததுமான நேரம். எட்டியாந்தோட்டையைக் கடந்து மலையேறும் கிளைப்பாதை ஒன்றிலே, இறப்பர் மரங்களின் நடுவே நாம் நின்றிருந்தோம். இரவெல்லாம் மூடியிருந்த பனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. எமக்குப் பத்தடி தூரத்தில் ஓர் அம்மையார் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே மலையில் வெட்டுகிறவர் என்று பின்னர் அறிந்தோம். முந்திய வெட்டில் உறைந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையிலிட்டார், சிரட்டையைத் துடைத்தார், கத்தியைப் பட்டையில் பதித்து, இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாகச் சரிவாய் இழுத்தார். வெள்ளைக் கோடொன்று தோன்றி, கோடு துளியாகி, துளி சிரட்டையில் விழத் தொடங்கியது.

அவ்வேளையில், சாயத்தண்ணிப் போத்தலுடன் மேலேறி வந்த அவருடைய பேர்த்தி, பன்னிரண்டு வயதுச் சிறுமி, பாதையிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மாயி! கால அசைக்காத! அப்பிடியே நில்லு!”

அம்மையாரின் வலது பாதத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், உதிர்ந்த இலைகளோடு இலையாக, கபில நிறப் பாம்பொன்று சுருண்டு கிடந்தது. கூம்பி மேல்நோக்கிய மூக்கு; முக்கோணத் தலை. சிங்கள மக்கள் பொலொன் தெலிஸ்ஸா என்றும் குணகட்டுவா என்றும் அழைக்கும் குட்டை விரியன் அது. ஒரு நீண்ட கம்பினால் அதனை அப்புறப்படுத்தினார்கள். ஒருவருக்கும் தீங்கில்லை. ஆனால் சத்தங்கேட்டு வந்த கங்காணியார், ஆறுதல் கூறுவதற்கு முன்னர் ஒரு கேள்வி கேட்டார்: “கண்ண எங்க வச்சிக்கிட்டு வேல செய்ற?”

அம்மையார் கோபிக்கவில்லை. “கண்ணு மரத்துலதாங்க இருந்துச்சு” என்றார்.

இந்த விடையைக் கேட்டு அங்கிருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பானேன்? ஆயினும் மலையிறங்கி வரும் வழியெல்லாம் அந்த விடை எம்மை விடவில்லை. கண்ணைப் பற்றியும் கவனத்தைப் பற்றியும் நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் ஆராய்ந்து எழுதியிருப்பவற்றில் ஒரு பெரும்பகுதி, அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்பதே எமது எண்ணம். அதனை விரித்துரைக்கவே இக்கட்டுரை.

முதலில் அந்த அம்மையாரின் கண் செய்துகொண்டிருந்த வேலை எத்தகையது என்பதைக் காண்போம். இறப்பர் மரத்தின் பால்குழாய்கள், பட்டையின் உட்புறத்தில், மரம் பருப்பதற்குக் காரணமான மெல்லிய வளர்படைக்கு அருகிலேதான் நெருக்கமாக உள்ளன. கத்தி ஆழமாகப் போகாவிட்டால் பால் குறையும். சற்றே கூடுதலாகப் போனால் வளர்படை காயப்பட்டு, பட்டை மீண்டும் வளரும்போது முண்டும் முடிச்சுமாகிவிடும். பின்னாளில் அவ்விடத்தில் வெட்ட இயலாது. ஆகவே வளர்படைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் வெளியே கத்தி நிற்கவேண்டும். ஒரு தடவையில் சீவப்படும் பட்டையும் ஒன்றரை மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. ஒரு மில்லிமீற்றர் என்பது நம் கைவிரல் நகத்தின் தடிப்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கே. இந்த நுட்பத்தை ஒரு மரத்தில் அன்று, ஒரு காலைப்பொழுதில் 250 முதல் 300 மரங்கள் வரையில் காட்டவேண்டும். வெயில் ஏறினால் மரத்தினுள் நீரழுத்தம் குறைந்து பால் ஓட்டம் தளரும் என்பதனால் விரைவும் வேண்டும். புதிதாக வெட்டத் தொடங்கும் மரத்தில் வெட்டு இடுப்புக்கு மேலே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது கீழிறங்கும். அப்பொழுது வெட்டுபவர் குனிந்து, முகத்தைத் தரைக்கு அருகே கொண்டு போகவேண்டும். தரையிலோ இலைச் சருகும் மூடுபயிர்க் கொடியும். அவற்றுள்ளே நாம் மேலே கூறிய விரியன். இலங்கையில் விஷப் பாம்புக் கடிகளில் மிகுதியானவை இந்தச் சிறு பாம்பினால் நேர்பவையே. பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலுமே கடிக்கும்.

இனிக் கண்ணுக்கு வருவோம்.

நம் இரு கண்களும் சேர்ந்து, நேரே பார்த்த நிலையிலேயே, இடமிருந்து வலமாக ஏறக்குறைய 180 பாகைக்குக் குறையாத பரப்பைக் காண்கின்றன. காதுக்கு நேராக அசையும் விரலைக்கூட உணர முடிகிறது. ஆனால் இந்தப் பரந்த அரங்கு முழுவதும் ஒரே தெளிவுடன் தெரிகிறது என்று நாம் நினைப்பது மயக்கமேயாகும். கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்தி, அதன் நகத்தைப் பாருங்கள். அந்த நகம் மறைக்கும் அளவுள்ள இடத்தை மட்டுமே நாம் முழுக் கூர்மையுடன் காண்கிறோம். விழித்திரையின் நடுவே மஞ்சட் பொட்டு என்றோர் இடமுண்டு என்று மாணவர்கள் படித்திருப்பார்கள். நிறத்தையும் நுட்பத்தையும் உணரும் கூம்புகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. விழித்திரையில் அவை மொத்தம் சுமார் 60 இலட்சம். மங்கிய ஒளிக்கும் அசைவுக்கும் உரிய கோல்கள் சுமார் 12 கோடி. அவை ஓரங்களிலே பரந்துள்ளன. நடுவிலிருந்து 20 பாகை விலகினால் பார்வைக் கூர்மை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. மூளையிலும், பார்வைக்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் பெரும் பங்கை இந்தச் சிறு நடுவிடமே எடுத்துக்கொள்கிறது.

ஐயமுள்ளவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒருவர் சுவரில் ஒரு புள்ளியை நோக்கி அமரட்டும். மற்றொருவர் பின்னாலிருந்து, அவர் அறியாத நிறத்தில் ஒரு பென்சிலைக் காதோரமாக மெல்ல முன்னே கொண்டுவரட்டும். ஏதோ அசைகிறது என்பது முதலில் தெரியும். என்ன நிறம் என்பது வெகுநேரம் கழித்தே தெரியும். பென்சிலில் என்ன எழுதியிருக்கிறது என்பதோ, அது ஏறக்குறைய முகத்துக்கு நேரே வந்த பின்னரே தெரியும்.

அப்படியானால் ஓரப்பார்வை எதற்கு? காவலுக்கு. வாசலில் நிற்கும் காவற்காரனுக்கு வந்தவர் முகத்தின் அழகு தேவையில்லை. யாரோ வருகிறார்கள் என்று கூறினால் போதும். அவன் குரல் கொடுத்தால் எசமானாகிய நடுக்கண் திரும்பிப் பார்த்து ஆள் யார் என்று தெளிந்துகொள்ளும். கடைக்கண் என்று தமிழில் நாம் கூறுவது இதனைத்தான். கவிகள் அதனைக் காதலுக்கும் அருளுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். உண்மையில் கடைக்கண்ணின் முதற் தொழில் உயிர் காப்பது.

காவற்காரன் விழித்திருக்கும்போது எல்லாம் நலமே. நடுக்கண்ணுக்கு வேலைப்பளு மிகும்போது அவன் உறங்கிவிடுகிறான் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

கண் நோக்கும் இடமும் கவனம் நிற்கும் இடமும் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். இருட்டான ஒரு பெட்டியினுள் எழுத்துக்களை வைத்து, ஒரு சிறு ஒளிப்புள்ளியில் கண்ணை நிறுத்தி, மின்பொறியால் ஒரு கணம் மட்டும் வெளிச்சம் உண்டாக்கினார். அந்தக் கணத்தில் கண் அசைய நேரமில்லை. ஆயினும், பக்கத்தில் எந்த மூலையைக் கவனிப்பது என்று முன்கூட்டியே மனத்தில் தீர்மானித்துக்கொண்டால், அந்த மூலையின் எழுத்துக்களை அவரால் வாசிக்க முடிந்தது. மற்றவை ஒளி பெற்றும் அவருக்குத் தெரியவில்லை. விழித்திரையில் விழுந்ததெல்லாம் நாம் கண்டதாகிவிடாது என்பது இதனால் விளங்கும்.

1965ஆம் ஆண்டில் நோர்மன் மக்வேர்த் என்பவர் இதனை மேலும் ஆராய்ந்தார். நடுவில் ஓர் எழுத்து. இரு பக்கங்களிலும் எழுத்துக்கள். அவை ஒத்திருக்கின்றனவா என்று கூறவேண்டும். தேவையற்ற எழுத்துக்களைச் சேர்த்து நெரிசலை உண்டாக்கியபோது, சிறிது முன்னர் எளிதாகக் கூறியவர்களே ஓரத்தில் இருந்ததைத் தவறவிட்டனர். சுரங்கத்தின் வழியே பார்ப்பதுபோல் பார்வை குறுகிவிட்டது என்று அவர் எழுதினார். பத்தாண்டுகளின் பின் 1975இல், ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான இகேடாவும் தகேயுச்சியும் நடுக்கண்ணுக்குக் கொடுத்த வேலையைப் படிப்படியாகக் கடினமாக்கி அளந்தார்கள். வேலை கடினமாகுந்தோறும் பயன்படும் பார்வைப் பரப்பு சுருங்கியது. 2005இல், மூளையின் இரத்தவோட்டத்தைப் படமெடுக்கும் கருவிகொண்டு செய்த ஆய்வொன்றில், நடுவில் கடினமான வேலை இருந்தபோது, ஓரத்தில் காட்டிய கோலங்களுக்கு மூளையின் பார்வைப் பகுதி எழுப்பும் எதிரொலியே தணிந்துவிடுவதைக் கண்டனர். காவற்காரன் குரல் கொடுத்தும் எசமான் கேளாதது மட்டுமன்று. காவற்காரனின் குரலே தாழ்ந்துபோகிறது.

அறிஞர்களிடையே ஒரு வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை என்பதையும் கூறவேண்டும். பார்வை உண்மையில் வெளியோரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்குகிறதா, அல்லது அரங்கு முழுவதுமே சமமாக மங்குகிறதா என்பதே அது. விளக்கின் திரியை இறக்குவதா, கதவைச் சாத்துவதா என்பது போன்ற வழக்கு. சில சோதனைகள் ஒரு கட்சிக்கும் சில மறு கட்சிக்கும் சாட்சி சொல்கின்றன. பாம்பின் அருகே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

தாய்மார்கள் தங்கள் வீட்டுச் சுளகைக்கொண்டே இதனைப் பரீட்சிக்கலாம். வெறுஞ் சுளகை மடியில் வைத்து அதன் நடுவே பார்த்துக்கொண்டிருங்கள். பக்கவாட்டில் நிற்கும் பிள்ளை அவ்வப்போது ஒரு தீக்குச்சியை ஓசையின்றி உயர்த்தட்டும். உயர்த்தும்போதெல்லாம் ‘கண்டேன்’ என்று கூறுங்கள். பின்னர் சுளகில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டே அதனைச் செய்யுங்கள். எம் வீட்டில் முதன்முறை ஒன்றையும் தவறவிடாதவர், இரண்டாம் முறை பாதிக்கு மேல் தவறவிட்டார். அதிலும், கல்லும் அரிசியும் ஒரே நிறமாயிருந்த கைப்பிடியில்தான் தவறுகள் அதிகம். பரீட்சைக்கு நின்ற பிள்ளை சிரித்துச் சிரித்துத் தீக்குச்சிப் பெட்டியையே கவிழ்த்துவிட்டான். அதுவும் அவருக்குத் தெரியவில்லை!

நாம் மட்டும் விதிவிலக்கா? அச்சுப்பிழை திருத்தும்போது, கொம்பும் காலும் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு, தலைப்பிலே கொட்டை எழுத்தில் நின்ற பிழையை விட்டுவிட்ட நாட்கள் உண்டு. பக்கத்தில் வைக்கப்பட்ட தேநீரை முழங்கையால் தட்டிய நாட்களுக்குக் கணக்கே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேலை ஏதுமின்றிச் சாதாரணமாக நடக்கும்போதே கதவு நிலையிலும் கதிரையிலும் மோதிக்கொள்பவர்கள், பக்கத்தில் வருபவரை எப்போதும் காணாதவர்கள், இதனைக் கவனக்குறைவு என்றோ வயது என்றோ விட்டுவிடலாகாது. கண்ணின் உள்ளழுத்தத்தோடு தொடர்புடைய கிளுக்கோமா என்னும் நோய், வலியின்றி, ஓரப்பார்வையை முதலில் தின்றுகொண்டு வரும். போன பார்வை மீளாது. எஞ்சியதைக் காக்க மருந்துண்டு. அத்தகையோர் தாமதியாமல் கண் வைத்தியரைக் காணவேண்டும். நாம் பேசுவது நோயற்ற கண்ணுக்கு வேலையினால் நேரும் தற்காலிகக் குறுக்கத்தைப் பற்றி மட்டுமே.

இந்தக் குறுக்கம் குறைதானா? பாரதக் கதையில் துரோணர் வைத்த பரீட்சையை அறியாதார் யார்? மரத்தையும் கிளையையும் குருவையும் கண்ட சகோதரர்கள் தோற்றார்கள். பறவையின் குறியை அன்றி வேறொன்றையும் காணேன் என்ற அர்ச்சுனன் வென்றான். பள்ளிக்கூடங்களில் இன்றும் இக்கதையைக் கூறிப் பிள்ளைகளைப் படிக்கத் தூண்டுகிறோம். அதில் பிழையில்லை. 1995இல் நில்லி லாவி என்ற உளவியலறிஞர் எடுத்துக்காட்டியதும் இதுவே: கையிலுள்ள வேலை கண்ணை முழுவதும் நிரப்புமானால், பக்கத்திலுள்ள வீண் காட்சிகள் உள்ளே நுழைய இடமிராது, வேலை இலேசானதாயின் மிச்சக் கவனம் தானாகவே ஊர் சுற்றப் புறப்பட்டுவிடும். எளிய பாடத்தில் பிள்ளையின் கண் யன்னலுக்குப் போவதும், கடினமான கணக்கில் யன்னல் மறைந்துபோவதும் இதனால்தான். குறுகுதல் என்பது கவனத்தின் மறுபக்கம். ஒன்றைப் பெற்றால் மற்றொன்றைக் கொடுக்கவேண்டும்.

ஆனால் அதே பாரதத்தில், அந்தப் பரீட்சையை அடுத்து வரும் சம்பவத்தை நாம் பிள்ளைகளுக்குக் கூறுவதில்லை. கங்கையில் நீராடிய துரோணரின் காலை முதலை பற்றியது. மற்றச் சீடர்கள் திகைத்து நிற்க, ஐந்து அம்புகளால் முதலையைக் கொன்று ஆசானை விடுவித்தவனும் அர்ச்சுனனே. குறியைத் தவிர வேறொன்றும் காணாத கண்ணுக்கு, வேண்டியபோது நீரில் வந்த முதலையையும் காணத் தெரிந்திருந்தது. பரீட்சையின்போதே முதலை வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று வியாசர் கூறவில்லை.

அவருக்குப் பதிலாக 1999இல் சைமன்ஸ், சப்ரிஸ் என்னும் இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கூறினார்கள் எனலாம். பந்து எறிந்து விளையாடுவோரின் படத்தைக் காட்டி, எத்தனை முறை பந்து கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லாக் குரங்கு வேடமிட்ட ஒருவர் வந்து, மார்பில் தட்டிக்கொண்டு போனார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவரைக் காணவேயில்லை. பயிலாதவர்கள்தானே என்று தள்ளிவிடவும் வழியில்லை. 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், நுரையீரற் படங்களில் நோய்க் கட்டிகளைத் தேடும் 24 மருத்துவ நிபுணர்களுக்கு அப்படியொரு குரங்கின் உருவம் பதிந்த படங்களைக் கொடுத்தனர். தேடப்படும் கட்டியைப் போல 48 மடங்கு பெரிதான அவ்வுருவத்தை 20 பேர் காணவில்லை. அவர்களுட் பலரின் கண், குரங்கு நின்ற இடத்தின் மீதே நேராகச் சென்றிருந்தது என்பதைக் கருவி பதிவு செய்திருந்தது.

கண் மட்டுமன்று, காதும் இதில் அகப்படும். கடினமான காட்சி வேலையில் மூழ்கியிருப்பவர்களுக்கு இடையே ஒலித்த ஓசை கேட்பதில்லை என்று 2011இல் மக்டொனால்டும் லாவியும் காட்டினர். இதற்கு மறக்கவொண்ணாத சாட்சி ஒன்று 1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி அமெரிக்காவின் மயாமி நகரருகே நேர்ந்தது. தரையிறங்கவிருந்த ஈஸ்டர்ன் விமானமொன்றின் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானிகள் எல்லோரும் அந்த விளக்கில் கண்ணாயிருந்த வேளையில், விமானம் தானாகவே உயரம் குறைந்துகொண்டு வந்தது. உயரம் மாறுகிறது என்று எச்சரிக்கும் மணி ஒலித்தது. ஒருவர் காதிலும் ஏறவில்லை. நூற்றொரு பேர் மாண்டார்கள். கருகிப்போயிருந்தது அந்தக் குமிழ் மட்டுமே. சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது.

ஆகவே, கைத்தொலைபேசியில் ஆழ்ந்திருக்கும் பிள்ளை மூன்றுமுறை கூப்பிட்டும் வராவிட்டால், அது எப்போதும் திமிர் என்று தாய்மார்கள் எண்ணவேண்டியதில்லை. அதே பிள்ளை அதே நிலையில் இரத்தினபுரிப் பெருந்தெருவில் பஸ் வண்டிக்கு முன்னே நடந்து போகும் என்பதைத்தான் எண்ணவேண்டும். வளைவுக்கு வளைவு வீதியோரமே லயமும் கடையுமாக உள்ள அத்தெருவில், எதிரே வரும் லொறியில் சாரதியின் நடுக்கண் நிலைத்திருக்கும்போது, ஓரத்தில் நிற்கும் பிள்ளை அவருக்கு ஒரு நிழலேயாகும். வண்டியோட்டத்தைப் பற்றி 1999இல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சியொன்று, ஆபத்தான காட்சிகளைப் பார்க்கும்போது, அனுபவமற்றவர்கள் ஓரத்தில் தோன்றும் விளக்குகளை மிகுதியாகத் தவறவிடுவதையும், பழகியவர்கள் அவர்களைவிடக் கூடுதலாகக் காண்பதையும் கண்டது. பழக்கம் நடுக்கண்ணின் சுமையைக் குறைப்பதால், சிறிது கவனம் ஓரத்துக்கு மிஞ்சுகிறது போலும்.

இதனைத் தோட்டத்தில் பொருத்திப் பார்ப்போம். பெல்மதுளையிலும் பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் தேயிலை மலைகளில் கொழுந்து பறிக்கும் பெண்களின் கண், மட்டக்கம்புக்கு மேலே நிற்கும் இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஆகிய இடத்தில் இருக்கிறது. இரு கைகளும் ஒருங்கே ஓட, கண் ஒரு மொட்டிலிருந்து அடுத்த மொட்டுக்குத் தாவுகிறது. செடிக்குள்ளோ நிழல் மரத்திலோ தொங்கும் குளவிக்கூடு அக்கண்ணில் படுவது எப்படி? குளவி கொட்டித் தொழிலாளர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்தியை, உயிரிழந்த செய்தியையும்கூட, பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வாசிக்கிறோம். அத்துடன் நிறையின் நெருக்கடியும் உண்டு. நிறை குறைந்தால் அரைப்பேர் என்ற எண்ணத்துடன் பறிப்பவரின் மனம், அச்சத்தினால் இன்னும் குறுகும். மனக்கிளர்ச்சி மிகுந்தால் மனிதன் பயன்படுத்தும் குறிப்புகளின் வீச்சு சுருங்கும் என்று ஈஸ்டர்புரூக் என்பவர் 1959இலேயே எழுதியிருக்கிறார். புதிதாக மலைக்கு வந்த இளம்பெண்ணுக்கு இது இரட்டிப்புச் சுமை: கையும் பழகவில்லை, நிறையும் வரவில்லை. அவளையே புதர் மண்டிய ஓர நிரைக்கு அனுப்புவதை நாம் கண்டிருக்கிறோம். எமக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியொன்றை இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் காணலாம். இல்லம் எனப்படும் சரளைக் கல்லைக் கூடையிலிட்டு நீரில் சுழற்றி அலசுபவரின் கண், கூழாங்கற்களிடையே ஒளிந்திருக்கும் ஒரு நிறக்கீற்றைத் தேடுகிறது. ஆனால் அவர் தனியே நிற்பதில்லை. பங்காளிகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நிற்பது நம்பிக்கைக் குறைவினாலும் இருக்கலாம்; நாம் அதற்குள் புகவில்லை. எக்காரணத்தால் ஆயினும், ஒருவர் கண்ணில் தப்பும் கல் மற்றொருவர் கண்ணில் படுகிறது. கல்லுக்குக் கிடைக்கும் இந்த இரண்டாம் கண் கால்களுக்குக் கிடைப்பதில்லை.

எனவே “கவனமாக வேலை செய்” என்று கூறுவதில் பயனில்லை என்பது எமது கருத்து. அந்த அம்மையார் கவனமாகவே வேலை செய்தார். அதனாலேயே பாம்பைக் காணவில்லை. வெட்டும்போது கீழேயும் பார் என்று கட்டளையிட்டால், ஒன்றில் மரம் காயப்படும், அல்லது கட்டளை மறக்கப்படும். செய்யக்கூடியது யாதெனில், பார்க்கும் வேலையை வெட்டும் வேலையிலிருந்து பிரித்து, அதற்கென ஒரு கணத்தை முன்னே ஒதுக்குவதுதான். மரத்தை அணுகுமுன் நின்று, கம்பால் அடிமரத்தைச் சுற்றித் தட்டி, சருகை விலக்கி, ஒருமுறை முழுக்கண்ணாலும் பார்த்துவிட்டு, பின்னர் கத்தியை எடுப்பது. தேயிலையிலாயின், நிரை தொடங்குமுன் வேறொருவர் நடந்து குளவிக்கூடு உண்டா என்று பார்த்து வருவது. இவற்றுக்கு நேரம் செல்லும். 300 மரங்களுக்கு மரத்துக்குப் பத்து விநாடி வீதம் 50 நிமிடம். அந்த 50 நிமிடத்தை யார் கொடுப்பது என்பதே கேள்வி. மரத்தடியைச் செருக்கித் துப்புரவாக வைப்பதும், முழங்கால் வரையிலான சப்பாத்து வழங்குவதும் தொழிலாளியின் கண்ணைச் சேர்ந்த காரியங்கள் அல்ல. அவை தோட்ட நிருவாகத்தின் காரியங்கள்.

கடித்துவிட்டால் செய்யவேண்டியதையும் கூறிவிடுவோம். கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீமையே செய்யும். கடியுண்ட காலை அசையாது வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தக் குட்டை விரியனின் விஷம் பலருக்கு வீக்கத்தோடு நின்றுவிடும். சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கும் உலைவைக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் வழங்கிவந்துள்ள, இந்தியாவில் தயாராகும் விஷமுறி மருந்து இதற்குப் பயன்படாது. ஆதலால் சிறிய பாம்புதானே என்று வீட்டில் கிடப்பது ஆபத்து.

சில வாரங்கள் கழித்து மீண்டும் அந்த மலைக்குப் போனோம். அம்மையார் அதே நிரையில் வெட்டிக்கொண்டிருந்தார். இடுப்புக் கயிற்றில் ஒரு காப்பிக் கம்பு செருகியிருந்தது. ஒவ்வொரு மரத்தையும் நெருங்குமுன் அதனால் அடிமரத்தைச் சுற்றி இரண்டு தட்டுத் தட்டினார். யார் சொல்லித் தந்தது என்று கேட்டோம். பேர்த்திதான் வெட்டிக்கொண்டு வந்தாளாம். “இப்ப பத்து மரம் கொறையுதுங்க” என்றார், கத்தியைப் பட்டையில் வைத்தபடியே. நாம் அடுத்து ஏதோ கேட்டோம். கத்தி பாதி வழியில் இருந்தது; அவர் காதில் அது விழவில்லை.